ஏரிக்குக் கோபம் வருமா?

மொழிபெயர்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நீங்கள் கல்லூரியில் முறையாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டது கடலூர் செம்மண்டலத்தில், என்னுடைய எஸ்.டி.டி. பூத்தில். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. சிதம்பரம் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கி வீட்டுக்குப் பேசும் வெள்ளைக்காரர்கள், மகனுக்கு வேலை கேட்டுச் சிங்கப்பூருக்குப் பேசும் அப்பாக்கள் என்று உள்ளே யார் பேசினாலும் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும்.

அதில் ஒரு சிக்கல். எனக்குக் கேட்டது எல்லாம் பாதிப் பேச்சு. அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்காது. அதை நானே ஊகித்து நிரப்பிக்கொள்வேன். பத்து வருஷம் அப்படி நிரப்பி நிரப்பி, நிரப்புவதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். பின்னால் என்னைக் கவிழ்த்தது அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

கைபேசி வந்து பூத் படுத்த நேரத்தில் சுனாமியும் வந்தது. கரை முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். 'இங்கிலீஷ் பேசும் பொம்பளை ஒருத்தி செம்மண்டலத்தில் இருக்கிறாள்' என்று யாரோ சொல்லி, ஒரு நிவாரண அமைப்பு என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. முதல் நாள் தேவனாம்பட்டினம். ஒரு வெளிநாட்டு அம்மாள் மூட்டை மூட்டையாகக் கம்பளி ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தார். ஒரு மீனவர் அதில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதப் போட்டுக்கினு கடலுக்குப் போனா மீனு சிரிக்கும்."

"என்ன சொல்கிறார்?" என்று அந்த அம்மாள் ஆவலாகக் கேட்டார்.

"ரொம்ப நன்றி என்கிறார்" என்றேன் நான்.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீனவரும் மரியாதைக்குக் கும்பிட்டார். எனக்குச் சபாஷ் கிடைத்தது. அடுத்த மாதம் இன்னும் ஒரு லாரி நிறைய ஸ்வெட்டர் வந்தது.

சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்துவிட்டுத்தான் விட்டேன். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நினைத்தேன். அந்த மீனவர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யார் எது நன்றாகச் சொன்னாலும் எழுதி வைப்பது என் வழக்கம். நோட்டில் எழுதிய என் கைக்கு, அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் துணைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஏரிக்காரர் கதைக்கு வருகிறேன்.

சுனாமி கழிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். பெயர் வேண்டாம், சொன்னால் ஊர்க்காரர்கள் போன் பண்ணுவார்கள். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல் திட்டில் இருக்கிற ஊர். அங்கிருந்து மீன்காரப் பெண்கள் விடியற்காலையில் படகில் ஆற்றைக் கடந்து, இந்தக் கரையில் சேற்றில் இறங்கி, கூடையோடு ஓடிப்போய்ச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ் போய்விட்டால் அன்றைக்குச் சந்தை போச்சு.

அந்தச் சேற்றில்தான் அஞ்சலை விழுந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷனைச் சுனாமியில் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு கூடை தூக்குகிறவள். தலையில் இருந்த இறால் மொத்தமும் ஆற்றில் போய், முட்டியும் பிசகி, இரண்டு வாரம் படுத்துவிட்டாள். இனி ஒருமுறை விழுந்தால் கூடையே தூக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். "வைத்தியருக்கு என்னா, அவுரா ஆத்த தாண்டறாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

அதனால் எங்கள் அமைப்பு அந்தக் கரையில் ஒரு இறங்குமேடை கட்டித் தரலாம் என்று முடிவு செய்து, மேடை கட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பின்லாந்திலிருந்து வரவழைத்தது. அவர் பெயர் பெக்கா. ஐம்பதைத் தாண்டியவர், ஆறடிக்கு மேல் உயரம், வாயைத் திறப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறவர். சைமா என்று அவர் ஊரில் பெரிய ஏரி. அதன் கரையில் முப்பது வருஷமாகப் படகு மேடை போடுகிறார். ஏரி என்றால் எனக்கு வீராணம்தான். கரை, மதகு, அந்தப் பக்கம் வயல். அவர் ஏரியில் தீவுகளே ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாம். ஆங்கிலம் அவருக்கும் இரவல், எனக்கும் இரவல். அதனால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது.

அவர் முதலில் வந்தது ஒரு பௌர்ணமியன்று, காலை எட்டரை மணிக்கு. ஆறு நிறைந்து, கரையைத் தொட்டுக்கொண்டு, சாதுவாக நின்றது. மீன் ஏலக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. பெக்கா கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"தண்ணீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்?"

நான் தமிழில் கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஒரு மொழம் இருக்கும்."

"என்னா மச்சான் பேசற? அமாவாசைக்கு ரெண்டு மொழம் எறங்கும்."

"மழ காலத்த சொல்லுங்கய்யா. போன தடவ பனமரத்தையே பொரட்டிக்கினு வந்துச்சி. பழைய மரத்தொறை எங்க போச்சின்னு இன்னும் தெரியல."

ஊர்த் தலைவர் கையைத் தூக்கினார். "யோவ், சும்மா இருங்கய்யா! கட்டித் தரேன்னு வந்திருக்காரு. நீங்க வெள்ளம் வெள்ளம்னு பயமுறுத்துனா அடுத்த குப்பத்துக்குப் போயிடுவாரு. ஏம்மா, பெரிசா ஒண்ணும் இல்லன்னு சொல்லும்மா."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கரையோர ஊர்கள் எல்லாம் ஒரு பாடம் படித்திருந்தன. பக்கத்துக் குப்பத்தில், கொடுத்த படகு கனமாக இருக்கிறது என்று யாரோ குறை சொல்ல, கொடுத்தவர்கள் மீதிப் படகுகளை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அதிலிருந்து எது கொடுத்தாலும் 'நல்லா இருக்கு' என்பதுதான் பதில். வீடு ஒழுகினாலும் நல்லா இருக்கு. கூரையே இல்லையென்றால் காற்று நல்லா வருது.

எனக்கு இது தெரியும். தெரிந்தும், நான்கு பேர் பேசியதில் தலைவர் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன். "பெரிதாக ஒன்றும் இல்லையாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெக்கா அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். அவர் வீட்டு ஏரி. நீலமாக, ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்ட புடவை மாதிரி தண்ணீர். கரையில் சிவப்பாக ஒரு மரவீடு, அதன் முன்னால் ஏரிக்குள் நீண்ட மேடை, மேடை நுனியில் ஒரு நாய். பெண்கள் பக்கம் போட்டோ கை மாறி மாறிப் போனது. அஞ்சலை அதை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள்.

"யக்கா, இவரு ஊரு தண்ணிக்குக் கோவமே வராதா? கேட்டுச் சொல்லேன்."

பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். பெக்காவும், எதற்கென்று தெரியாமலே சிரித்தபடி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

எங்கள் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்குக் கோபம் வருமா என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? பூத்தில் பழகிய புத்தி சட்டென்று இடத்தை நிரப்பியது.

"ரொம்ப அழகாக இருக்கிறதாம்."

பெக்கா நெஞ்சில் கை வைத்து அஞ்சலைக்குத் தலை குனிந்தார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள். நான் நோட்டை மூடினேன்.

திரும்பும்போது எங்கள் ஜீப் டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார். கம்மாபுரத்துக்காரர், நிலக்கரிச் சுரங்கப் பக்கத்து ஆள். வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியே ஆங்கிலம் பாதிக்கு மேல் புரிந்துவிடும். ஆனால் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

"ஏன்க்கா, அந்தம்மா கேட்டத நீ சொல்லவே இல்லியே?"

"என்னத்த?"

"கோவம் வருமான்னு கேட்டுச்சே."

"அது சும்மா வெளாட்டுக்குக் கேட்டது."

"வெளாட்டுன்னு நீ எப்படி சொல்லுவ? ஊருக்கு ஊரு தண்ணி வேறக்கா. எங்க ஊர்ல தண்ணி வானத்துலேர்ந்து வராது, சொரங்கப் பள்ளத்துக்கு அடியிலேர்ந்து பீச்சிக்கினு வரும். கம்மாபுரத்துக்காரன் கொடைய தலைகீழாப் புடிக்கணும். நீ அவுங்க சாமான தூக்கிக்கினு போற ஆளு. பாதி வழியில மூட்டையப் பிரிச்சி, இது வாணாம் அது வாணாம்னு எறியறியே."

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. "நீ ரோட்ட பாத்து ஓட்டு" என்றேன். ஆனால் குடையைத் தலைகீழாகப் பிடிப்பதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பெக்கா ஊருக்குத் திரும்பி வரைபடம் போட்டு அனுப்பினார். காங்கிரீட் தூண்கள், மேலே அசையாத தளம். அப்போது எங்கள் அலுவலகத்தில் இருந்த பொறியாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும் பார்த்தார்கள். தளம் எந்த உயரத்தில் வரும் என்று ஊர்க்காரர்களுக்குக் காட்ட, கரையோரத்தில் ஒரு மூங்கிலை ஊன்றி, சிவப்புத் துணி கட்டச் சொல்லியிருந்தார் பெக்கா. கட்டினார்கள். எந்த ஊர்க்காரரும் எதுவும் சொல்லவில்லை. நல்லா இருக்கு.

ஒப்புதல் நாள் குறித்தார்கள். பெக்காவும் வந்துவிட்டார். மறுநாளே அவருக்கு விமானம். ஊரும் அமைப்பும் அவரும் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் திட்டம் நிலைக்கும், இல்லாவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடும் என்று மேலாளர் காலையிலிருந்து ஏழெட்டு முறை சொல்லிவிட்டார். கரையில் ஷாமியானா, மேஜை, மேஜை விரிப்பு, ரோஸ்மில்க்.

பிற்பகல் மூன்று மணி. அமாவாசை.

தலைவர் வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் நான் கரைக்குப் போனேன். ஆறு இறங்கிக் கிடந்தது. சந்தை முடிந்து வந்த பெண்கள், அந்தப் பக்கம் போவதற்குச் சேற்றில் நடந்து படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை, ஒரு கையில் வெறுங்கூடை, இடுப்பில் அரிசிப் பை, நொண்டிக்கொண்டே போய் மூங்கில் பக்கத்தில் நின்றாள். சிவப்புத் துணி அவள் கழுத்துக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

"யக்கா, இங்க வா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஒசரத்துக்கா தளம் வருது?"

"ஆமா."

"வெடியக்காலம் தண்ணி இப்படி எறங்கிக் கெடந்தா, படகுலேர்ந்து நான் எப்படி ஏறுவேன்? முப்பது கிலோ கூடைய கழுத்துக்கு மேல தூக்கி வெச்சிட்டு, அப்புறம் நான் எகிறிக் குதிக்கணுமா? இந்த முட்டிய வெச்சிக்கினா?" துணியை விரலால் சுண்டினாள். "ஐப்பசி கார்த்திகைல இதுக்கு மேல ரெண்டாள் ஒசரம் தண்ணி வரும். வெங்காயத்தாமரையும் மரமும் வந்து தூண்ல மாட்டும். அடிச்சிக்கினு போயிடும். போனா மறுபடி யாரு கட்டுவா? ஒரு தடவதான் கட்டுவாங்க."

"இத அங்க வந்து சொல்லேன் அஞ்சல."

"நானா? நான் சொல்லி அவுரு போயிட்டா, அஞ்சலதான் கெடுத்தாள்னு சாகறவரைக்கும் பேசுவாங்க. எம்பொண்ணுங்கள யாரு கட்டுவா?" அரிசிப் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அன்னிக்கு அதுக்குத்தான் கேட்டேன், அவுரு ஊரு தண்ணிக்குக் கோவம் வருமான்னு. கோவத்தையே பாக்காத ஆளா இருந்தா, நம்ம ஆத்துக்கு எப்படிக் கட்டுவாரு? நீ பதிலே சொல்லல."

பிள்ளைகளே, அந்த இடத்தில் என் காது சூடானதை இப்போதும் உணர்கிறேன். விளையாட்டுக் கேள்வி என்று நான் தூக்கிப் போட்டேனே, அன்றைக்கு அந்தக் கொட்டகையில் கேட்கப்பட்டதிலேயே கெட்டிக்காரக் கேள்வி அதுதான்.

ஷாமியானாவுக்குத் திரும்பினேன். தலைவர் வந்துவிட்டார். மேலாளர் பேனா மூடியைத் திறந்து பெக்காவிடம் நீட்டினார்.

என்ன செய்வது? நான் மொழிபெயர்க்கிறவள். மேடை சரியில்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நான் பொறியாளரும் இல்லை, அந்த ஊர்க்காரியும் இல்லை. அஞ்சலை சொன்னாள் என்றால் அவள் மாட்டிக்கொள்வாள். தலைவர் மறைத்தார் என்றால் அவர் மானம் போகும், ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். சும்மா இருந்தால் ஒரு வருஷத்தில் மேடை ஆற்றோடு போகும்.

அப்போது டிரைவர் சொன்ன மூட்டை நினைவுக்கு வந்தது. கருத்துச் சொல்லத்தான் எனக்கு உரிமை இல்லை. நான் வழியில் எறிந்த சாமானைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்க உரிமை இருக்கிறதே!

எழுந்து நின்றேன். "கையெழுத்துப் போடுவதற்கு முன், போன முறை நான் செய்த இரண்டு தவறுகளைத் திருத்த வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அதையே தமிழிலும் சொன்னேன். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், அதுதான் முறை.

மேலாளர் பேனாவோடு அப்படியே நின்றார்.

"தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று பெக்கா கேட்டபோது நான்கு பேர் பதில் சொன்னார்கள். நான் ஒரு பதிலை மட்டும் சொன்னேன். மற்றவை இவை: ஒரு முழம். அமாவாசைக்கு இரண்டு முழம். மழைக்காலத்தில் பனைமரம் புரண்டு வரும், பழைய மரத்துறை அதில்தான் போனது. நான் சுருக்கியது தவறு. யார் மேலும் குற்றமில்லை." மூச்சு வாங்கிக்கொண்டேன். "இரண்டாவது, போட்டோவைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் ஏரிக்குக் கோபம் வருமா என்று கேட்டார்கள்."

பெக்கா என்னைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். அதன் அடியில் தெரிந்த சேற்றைப் பார்த்தார். மேலாளர் நீட்டிய பேனாவை வாங்கி, மூடிவைத்து, அவர் சட்டைப் பையிலேயே செருகினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் அவரிடம் கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"வரும் என்று சொல்லுங்கள். குளிர்காலத்தில் ஏரி பனிக்கட்டியாக இறுகிவிடும். அதன்மேல் கார் ஓட்டுவோம். வசந்தத்தில் உடையும். காற்றும் சேர்ந்துகொண்டால் பாளம் பாளமாகக் கரையேறும், எதிரில் எது இருந்தாலும் நொறுக்கும். என் அப்பா போட்ட மேடையை ஒரு வருஷம் எதிர்க்கரையில் போய்ப் பொறுக்கினோம். நான் காட்டிய போட்டோ ஜூலையில் எடுத்தது. வெளியூருக்குப் போகும்போது யாராவது கோபத்தைப் படம் பிடித்துக்கொண்டு போவார்களா?"

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"தண்ணி மேல காரா?" என்றார் தலைவர். "சும்மா உடாதம்மா."

"நெசமாத்தான் சொல்றாரு மாமா" என்று பின்னாலிருந்து டிரைவர் குரல். "நான் வேணா ஜீப்ப ஒருதடவ எறக்கிப் பாக்கவா?"

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில் ஊர் வாய் திறந்தது. பெக்கா வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ஆறு. ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே உப்பு இல்லை, இங்கே உண்டு. அங்கே தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும். இங்கே?

"எங்க ஆறு ரெண்டு பக்கமும் ஓடும்" என்றது ஒரு பெண் குரல். அஞ்சலை. படகை விட்டுவிட்டு, அரிசிப் பையோடு ஷாமியானா ஓரத்தில் வந்து நின்றிருந்தாள். "காலைல கடலப் பாத்துப் போவும், அப்புறம் கடலு இதத் தொரத்திக்கினு வரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ."

பெக்கா பென்சிலை நிறுத்தினார். "ஆறு பின்னால் ஓடுமா?" என்றார். முப்பது வருஷம் தண்ணீரோடு பழகிய மனிதர் எழுந்தார். கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அஞ்சலையைப் படகில் நிற்கச் சொன்னார். கூடையை இடுப்பில் வைக்கச் சொன்னார். சிவப்புத் துணி எங்கே இருக்கிறது, கூடை எங்கே இருக்கிறது என்று தன் கையாலேயே அளந்தார். அடுத்த அடியில் முழங்கால் வரை புதைந்து, பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப புரிஞ்சிருக்கும்" என்றாள் அஞ்சலை. அதையும் மொழிபெயர்த்தேன். சேற்றில் உட்கார்ந்தபடியே "புரிந்தது" என்றார் அவர்.

அவர் ஊரில் அவர் போடுவது மிதக்கும் மேடைதானாம். அடியில் காற்று அடைத்த பீப்பாய்கள், கரையிலிருந்து அதற்கு ஒரு நடைபலகை. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஏரி இறுகுவதற்கு முன்னால் அதைக் கழற்றிக் கரையில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். இங்கே பனி கிடையாது, தண்ணீரும் பெரிதாக ஏறாது என்று கேள்விப்பட்டதால் அசையாத மேடையே போதும் என்று நினைத்துவிட்டார். கேள்விப்பட்டது என் வாயிலிருந்து.

"இழுத்துப் போடணுமா?" என்றார் தலைவர், முதல் முறையாக நிஜமாகவே சிரித்து. "அதுதான எங்க வேல? தெனம் படகு இழுக்கறோம்." பிறகு என் பக்கம் சாய்ந்து, "எம்மா, என்னக் காட்டிக் குடுக்காம உட்டியே" என்றார்.

மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் சார்" என்றேன்.

அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. திட்டம் வேறு இடத்துக்குப் போய்விடுமோ என்று எல்லாருக்கும் பயம். எனக்கும் அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. மூடிய பூத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் வாசலில் ஜீப் ஹாரன். டிரைவர் இறங்கவே இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "கெளம்புக்கா! புதுப் படம் வந்துடுச்சி. தப்ப ஒத்துக்கற பொம்பள இருந்தாத்தான் நான் வருவேன்னு ஏரிக்காரர் எழுதியிருக்காராம்."

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு மொழியில் சிரிப்பாக இருக்கும் கேள்வி, அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது என்னவாக இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே சேர்த்துவிடுங்கள். மறந்துவிட்டீர்களா, எறிந்துவிட்டீர்களா, எழுந்து நின்று இரண்டு மொழியிலும் சொல்லுங்கள். வேலை போகலாம். எனக்குப் போய்த் திரும்பி வந்தது. உங்களுக்கும் திரும்பி வரும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இராத்திரி சாப்பாடு இறங்கும்.

மேடை கோடையில் வந்தது. அந்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்தது. மேலே மதகுகளைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கடலூரில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆற்றங்கரைக்குப் போனேன். ஆறு காவி நிறத்தில், வெங்காயத்தாமரையும் வாழைத்தாருமாக உருட்டிக்கொண்டு போனது. மேடை இருந்த இடத்தில் மேடை இல்லை. மேடையைச் சங்கிலியால் கட்டியிருந்த கல் தூண்கூடத் தெரியவில்லை.

கரையோரமாகத் தேடிக்கொண்டே நடந்தேன்.

"யக்கா! அங்க என்னாத்த தேடற?"

திரும்பினேன். மேட்டில், சவுக்குத் தோப்பில், தார்ப்பாய்க்குக் கீழே மேடை பத்திரமாகக் குந்தியிருந்தது. அதன்மேல் அஞ்சலையும் நான்கைந்து பெண்களும் கூடைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்திலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போயிடுச்சின்னு நெனச்சியா? நாலு நாளைக்கு முந்தியே ஊரே சேந்து இழுத்துப் போட்டுட்டோம். தலைவரு மொத ஆளா கயிறு புடிச்சாரு."

நான் மேடையில் உட்கார்ந்தேன். மரம் இன்னும் ஈரமாக இருந்தது. பெக்காவிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். அதில் ஒரு போட்டோ. அதே சிவப்பு வீடு, அதே நாய். ஏரி சாம்பல் நிறத்தில், ஓரமெல்லாம் வெள்ளை கட்டத் தொடங்கியிருந்தது. மேடை தண்ணீரில் இல்லை. கரையில் மரங்களுக்கு நடுவில் இழுத்துப் போட்டிருந்தது.

அஞ்சலை புடவையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"அவரும் இழுத்துப் போட்டுட்டாரா!"

"அதே மாசம்தான்."

அவள் போட்டோவைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். "அவருக்கு ஒரு பதில் எழுதுக்கா."

நோட்டை எடுத்தேன். "என்னா எழுத?"

"உங்க ஏரிக்குக் கோவம் தீந்ததும் சொல்லுங்க. எங்க ஆத்துக்குத் தீந்ததும் நாங்க சொல்றோம். யாரு மொதல்ல மேடைய எறக்கறாங்கன்னு பாப்போம்." விரலை நீட்டி என்னை எச்சரித்தாள். "அப்படியே எழுதணும். அழகா இருக்குன்னு கிழகா இருக்குன்னு எழுதிடாத."

அப்படியே எழுதினேன்.